மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம்

காளவாசலில் பிளக்ஸ் பேனர் வடிவமைக்கும் சாப்ட்வேர் விற்ற அழகுபாண்டிக்கு விற்பனைதான் இல்லையே தவிர, மின்னஞ்சலுக்குக் குறைவில்லை. ‘மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம் நிற்கவில்லை’, ‘தாய்மாமன் மீசை பெரிதாகவில்லை’ என்று முகம் தெரியாதவர்கள் எழுதுவார்கள். என்றைக்காவது வாங்குவார்களென்று நம்பி, மனுசன் எல்லாருக்கும் சரிசெய்து கொடுத்தான்.

கடைசியில் கடையை மூட முடிவெடுத்து, அதற்கொரு பேனர் அடிக்க உமர் பாரூக்கின் அச்சகத்துக்குப் போனான். அங்கே கணினியில் ஓடியது அவனுடைய சாப்ட்வேர். மேலே போட்டிக்காரன் முத்துப்பாண்டியின் பெயர். கீழே மின்னஞ்சல் முகவரி மட்டும் அழகுபாண்டியுடையது. பழுதுபார்க்க ஆள் வேண்டுமே!

“சல்லிசா கிடைச்சுச்சுண்ணே. கோளாறுன்னா மெயில் போட்டாப் போதும், எவனோ ஓசியிலயே சரிபண்ணித் தர்றான்,” என்றான் உமர் பாரூக்.

அழகுபாண்டி ஒரு தாளில் ‘கடை மூடப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தான்.

“பின்னாடி சிங்கம் வச்சிரவாண்ணே? இப்ப நல்லா நிக்கிது.”