ஐஸ்பெட்டியின் இரைச்சல்

தாய்ப்பால் பைகளை நான் எப்போதும் படுக்கவைத்துத்தான் உறையவைப்பேன். பலகை போலத் தட்டையாக இறுகியதும் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கிவிடுவேன். புதன்கிழமை சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தபோது ஒவ்வொரு பையும் அடியில் தொப்பை போட்டுக்கொண்டு நின்றது. நின்ற நிலையிலேயே உருகி, அப்படியே மறுபடி உறைந்திருக்கிறது.

மறுநாள் நான் வேலை விஷயமாகப் பினாங்குக்குப் போகவேண்டும். இரண்டு நாள். பிள்ளையைப் பகலில் பராமரிப்பு அக்காவிடம் விட்டு, ராத்திரியில் கணவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. என் ஏழு மாத மகள் யாழினிக்கு டின் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அதற்காகத்தான் ஸ்ரீ கெம்பாங்கான் அலுவலகத்தில், மலாய்த் தோழிகள் தொழுகிற சூரா அறையின் மூலையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாரக்கணக்கில் பால் எடுத்துச் சேர்த்திருந்தேன்.

ஹாலில் என் கணவர் ஜீவன் ஸ்பீக்கரை ஒரு விரல் அகலம் நகர்த்திவிட்டு, தள்ளிப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கரண்ட் போச்சா?"

"எப்போ?"

"அதத்தான் கேக்குறேன்."

அவர் திரும்பவில்லை. நான் பேசாமல் நின்றேன். எனக்கு அது பழக்கம். அவருக்குத்தான் தாங்காது.

"ஞாயித்துக்கிழம கொஞ்ச நேரம் ஐஸ்பெட்டிய ஆஃப் பண்ணேன் லா. பரமேஸ்வரன் அண்ணே புது பவர் கேபிள் கொண்டாந்தாரு, டெஸ்ட் பண்ணோம். அது ஓடுனா ஸ்பீக்கர்ல இரைச்சல் வரும். உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். இவருக்கும், இவரைப்போலவே ஸ்பீக்கர் பித்துப் பிடித்த அந்த அண்ணனுக்கும் பாட்டு ஓடும்போது மின்விசிறி சுற்றக்கூடாது. குக்கர் விசிலடிக்கக்கூடாது. சோபாவின் நடுவில் நான் உட்காரக்கூடாது. சத்தம் அங்கேதான் வந்து கூடுகிறதாம். பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில், விசிறி இல்லாமல், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து வேர்த்திருக்கிறேன். தோழிகளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு கிள்ளானில் அம்மா வீட்டில் இருந்தேன்.

"எவ்ளோ நேரம்?"

"காலையிலேர்ந்து. அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டோமா, மறந்துட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா கீழ தண்ணி. ஒடனே ஆன் பண்ணிட்டேன். தொடச்சும் வச்சேன்."

தொடச்சும் வச்சேன். அதைப் பெருமையாகவே சொன்னார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மறுபடி கல்லு மாதிரி ஆயிருச்சேமா. ஒண்ணும் ஆகாதுனு நெனச்சேன்."

நான் பையைப் பார்க்காமல் பினாங்குக்குப் போயிருந்தால், இதே பாலைச் சுடவைத்து அவர் கையாலேயே கொடுத்திருப்பார். மடியில் போட்டுக்கொண்டு, கொஞ்சிக் கொஞ்சிக் கொடுத்திருப்பார். ஒருமுறை உருகிக் கிடந்த பால், மறுபடி உறைந்தாலும் கெட்டதுதான். மறந்ததைக் கூட மன்னித்துவிடலாம். மூன்று நாளாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு நீங்களும் பினாங்குக்கு வர்றீங்க. லீவு போடுங்க. ஹோட்டல்ல பிள்ளைய வச்சிருங்க. மீட்டிங் நடுவுல நான் வந்து வந்து பால் குடுத்துட்டுப் போவேன்."

"நாளைக்கா? அண்ணே வீட்டுக்கு ஜப்பான்லேர்ந்து புது ஆம்ப்ளிஃபயர் வருதுமா. நாளைக்கு லீவே அதுக்குத்தான் போட்டேன்!"

ஃப்ரீசரிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அதைக் கீழே வைத்துவிட்டு அவரே போனை எடுத்தார்.

"காய்ச்சல் அது இதுனு சொல்லாதீங்க. நடந்தத சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்," என்றேன்.

போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"அண்ணே, நாளைக்கு வரமுடியாது. ஞாயித்துக்கிழம நீங்க வர்றதுக்கு முன்னாடி ஐஸ்பெட்டிய ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். மறந்துட்டேன். பிள்ளைக்கு வச்சிருந்த பாலெல்லாம் கெட்டுப்போச்சு."

எதிர்முனையிலிருந்து ஓர் 'ஐயோ'வுக்காகக் காத்திருந்தேன்.

"ஆஃப்ல இருந்துச்சா? அப்ப அன்னைக்கு அவ்ளோ கிளீனா கேட்டது கேபிளால இல்லையா? டேய், அத நம்பி நான் இன்னும் ரெண்டு ஆர்டர் பண்ணிட்டேன்டா!"

"இல்லண்ணே, கேபிளாலயும்தான்." ஜீவனின் குரலில் திடீரென்று உயிர் வந்தது. "பேஸ் டைட்டா இருந்துச்சே, அது ஐஸ்பெட்டியால வராது…"

நான் போனை எடுத்து அணைத்தேன்.

கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்து சிங்க்கைக் காட்டினேன். பைகளைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, ஒவ்வொன்றாக வெட்டி ஊற்றினார். பக்கத்திலேயே நின்றேன். ஒரு பையை முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு போல, வாணி. நீ மோந்து பாரேன்."

"ஊத்துங்க."

கடைசிப் பை வரைக்கும் ஊற்றினார். நான் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்ய வந்திருப்பார். அது அவருக்கு எளிதாகிப் போயிருக்கும்.

பிறகு அறையில் துணி அடுக்கினோம். தன் பையின் ஓரத்தில், சட்டைகளுக்கு அடியில், ஹெட்போனைச் செருகினார். அதை எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

"ஹோட்டல்ல சும்மாதானே உக்காந்திருக்கணும்?"

"பிள்ளை அழும். அதக் கேளுங்க."

யாழினியின் துணிகளை அவர் பக்கமாகத் தள்ளினேன். அவர் மடிக்கத் தொடங்கினார்.