தள்ளத் தெரியாத பவுன்சர்

அருள்குமரன் மூன்றாவது தடவையும் மிஹ்லாரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துப் போட்டான். மிஹ்லார் தடுமாறிப் போய், சிவப்பு விளக்கின் கீழே ஆடிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் விழுந்தான். “கட்!” என்றாள் இயக்குநர் ஆதிலா.

வெளியே பகல் பதினொரு மணி வெயில். மாம்புரிக் கடற்கரை ஹோட்டலின் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடி, வாசலுக்கு முன்னால் மணலிலும் வெயில் புகாதபடி படங்குக் கூரை கட்டி, அதை இரவு நேர நைட்கிளப் ஆக்கியிருந்தார்கள். சான்ஸுக்கு அலையும் நடிகர்களையும், அவர்களை வாசலில் மறிக்கும் பவுன்சர்களையும் பற்றிய படம். தயாரிப்பாளரைப் பார்க்க உள்ளே நுழையும் நடிகனாக மிஹ்லார். அவனை வெளியேற்றும் பவுன்சராக அருள்குமரன். வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் சான்ஸுக்கு அலைந்தவன் அருள்குமரன்தான். ஆறு வருஷம் கொழும்பில் அவன் ஏறாத படியில்லை. கிடைத்தது பிணமாகப் படுக்கும் வேஷம் ஒன்று. அதிலும் தும்மித் தொலைத்தான். சொந்த ஊரான உடப்புக்குத் திரும்பிக் கரைவலை இழுத்ததில் தோள் திரண்டது. அந்தத் தோளைப் பார்த்துத்தான் ஆதிலா அவனை எடுத்தாள். மூன்று நாளாக அவனுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆனால் கரைவலைக்காரனின் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வலைக் கயிற்றைப் பிடித்தால் குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். மிஹ்லாரின் சட்டை கையில் பட்டதும் கால் தானாகப் பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கால்களை அவன் மனசுக்குள் கெட்ட வார்த்தையால் ஏசினான்.

“அல்லாஹ்வே, தள்ளச் சொன்னா இழுக்கிறீங்களே!” என்று தலையில் கை வைத்தான் ஜபார். அந்த ஹோட்டலின் நிஜ பவுன்சர் அவன். “நெஞ்சில கைய வெச்சி முன்னுக்கு ஒரு எட்டு. அவ்வளவுதான்.”

ஆதிலா மணி பார்த்தாள். “அருளண்ண, இன்னும் ஒரே ஒருக்கா. சரிவரல்லண்டா உங்கட எடத்துக்கு ஜபார் நானாவப் போட்டுடுவன். கோவிச்சிக்காதீங்க.”

அவன் கோபிக்கவில்லை. பயந்தான். கிளப்புக்கு வெளியே வரிசையில் காத்து நிற்பவர்களாக நடிக்க வந்திருந்ததும் அவனுடைய வலைக்காரர்கள்தான். மூத்தவர் வீரகத்தியோடு சேர்த்துப் பத்துப் பேர், இரவல் கோட்டுகளில் வியர்த்துக்கொண்டு. அவர்களுக்கு முன்னாலா தோற்பது?

“தங்கச்சி, நான் உள்ள நிக்காம வெளிய நிண்டா என்ன? அவர் உள்ள கால் வைக்கேக்க பின்னால பெல்ட்டப் பிடிச்சி இழுக்கிறன்.”

ஆதிலா புருவத்தைச் சுருக்கினாள். “செஞ்சி காட்டுங்க.”

கெமரா ஓடியது. மிஹ்லார் வாசற்படியைத் தாண்டும்போது அருள்குமரன் பெல்ட்டைப் பிடித்தான். மிஹ்லாரும் சும்மா ஆளில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டான். அருள்குமரன் குதியை ஊன்றிச் சாய்ந்தான். ஆள் அசையவில்லை. வலை இழுக்கும்போது போடும் “ஹோ!” சத்தம் தொண்டையிலிருந்து தானாக வந்தது.

அவ்வளவுதான். கூட்டாளி தனியாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து வீரகத்தியால் சும்மா இருக்க முடியுமா? படம், கெமரா எல்லாம் மறந்து ஓடிவந்து அவன் இடுப்பைப் பிடித்தார். அவர் இடுப்பை இன்னொருவர். கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பேரும் ஒரே கோடாய்ச் சாய்ந்துவிட்டார்கள். “இழுடா!” நிலையை விட்டு மிஹ்லாரின் கை கழன்றது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக மணலில் விழுந்தார்கள்.

போச்சு என்று நினைத்தான் அருள்குமரன்.

ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் ஆதிலா ஓடிவந்தாள். “வரிசையில நிக்கிறவங்களே அவன இழுக்கிறாங்க! பவுன்சர் மட்டுமில்ல, உள்ள போகக் கெடைக்காத எல்லாரும்! ரெண்டு வருஷமா இந்தக் காட்சிய எழுதத் தெரியாமக் கெடந்தனே!”

அருள்குமரனுக்குச் சுருக்கென்றது. தன்னைத் தாண்டி உள்ளே போனவர்களின் முதுகைக் கொழும்பில் எத்தனை தடவை அவன் எரிச்சலோடு பார்த்திருக்கிறான்! ஆனாலும் நெஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது.

“இன்னொருக்கா! அப்பிடியே! கெமரா அருளண்ணட மொகத்துக்குக் கிட்ட!”

மிஹ்லார் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “மச்சான், இந்த முறை லேசில விடமாட்டன்.” பெல்ட்டை ஒரு துளை இறுக்கிவிட்டு, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அருள்குமரன் கையைத் துடைத்துக்கொண்டான். ஆதிலா இன்னும் “ஆக்ஷன்” சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால், மணலில், பத்துப் பேரின் குதிகளும் அதற்குள் புதைந்துவிட்டிருந்தன.