கணவர் சம்மதக் கடிதம்

1983ஆம் வருடம் ஆவணி மாதத்தில் கன்னியம்மாளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அட்டை வந்தது. திருவண்ணாமலையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் தட்டச்சர் வேலை. ஒரே ஒரு இடம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுத் தவறாமல் புதுப்பித்து வந்தவளுக்கு, மூன்று வருடத்தில் வந்த முதல் அழைப்பு அது. அடி அண்ணாமலை கிராமத்தில் அவள் வீட்டு வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தியபோது அவள் விதைக் கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். ‘தமிழ்த் தட்டச்சில் சோதனை நடத்தப்படும். அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்’ என்றிருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இருபதில் கல்யாணம் ஆனது. ஆன ஒரு வருடத்தில் புருஷன் பெங்களூருக்குக் கம்பெனி வேலைக்கென்று போனான். ஆறு மாதம் கழித்து, அங்கே வேறொருத்தியோடு வீடெடுத்துக் குடித்தனம் செய்கிறான் என்று ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கன்னியம்மாள் அழுதது ஒரு வாரம். அதற்கப்புறம் அப்பா வீட்டுக்குத் திரும்பி, டவுனில் திருமஞ்சன கோபுரத் தெருவில் இருந்த தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்தாள். லோயரும் ஹையரும் முதல் வகுப்பில் தேறினாள்.

அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள் வேதா. இவள் வயதுதான். பி.ஏ. படித்துவிட்டு நான்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் நான்கிலும் வேலை கிடைக்காதவள். அட்டையைப் பார்த்ததும் அவள் சொன்னாள்:

“டைப்பிங்குல உன்னை எவனும் அசைக்க முடியாது. ஆனா கோணக் கேள்வி கேட்டே கவுத்துடுவாங்க. மூணு வாரம் இருக்குது. தினம் மத்தியானம் வந்துடு.”

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பள்ளியில் ஆளிருக்காது. வேதா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதிகாரி ஆகிவிடுவாள். கன்னியம்மாள் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்து வணக்கம் சொல்ல வேண்டும். உட்காரச் சொல்லும்வரை உட்காரக் கூடாது.

“மலை உயரம் எவ்வளவு?”

“ரெண்டாயிரத்து அறுநூத்து அறுபத்தெட்டு அடிங்க.”

“இந்த ஆபீசுக்கு எத்தனை படி ஏறி வந்தே?”

“எண்ணலைங்க.”

“அப்படிச் சொன்னா போச்சு. எனக்கு வேலூர்ல அதைத்தான் கேட்டாங்க. நான் முழிச்சேன். போனதும் முதல்ல படியை எண்ணிடு.”

மாவட்டத்தில் எத்தனை தாலுகா, கூட்டுறவு என்றால் என்ன, மேலதிகாரி தப்பாக எழுதிக் கொடுத்தால் அப்படியே அடிப்பாயா, திருத்தி அடிப்பாயா என்று வேதா கேட்டுக்கொண்டே போவாள். கடைசிக் கேள்விக்கு இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினார்கள். தப்பைப் பென்சிலால் குறித்து அதிகாரியிடம் காட்டிக் கேட்டுவிட்டு அடிப்பேன் என்று சொல்வதாக முடிவானது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் வேதா கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ‘திருமணமானவரா’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதியிருந்ததை அவளும் பார்த்திருந்தாள். ஒருநாள் அதைத் தொட்டுவிட்டு, “சரி, அடுத்தது” என்று தாண்டிப் போனாள். கன்னியம்மாளும் விட்டுவிட்டாள்.

அவள் அப்பா வேடியப்பன் விடவில்லை. தேர்வன்று காலையில் வயலிலிருந்து வந்தவர் காலைக்கூடக் கழுவாமல் சொன்னார்:

“அவனப் பத்திக் கேட்டாங்கனா, பட்டாளத்துல இருக்கான்னு சொல்லிடும்மா. யாரு போய்ப் பாக்கப் போறாங்க.”

“பொய் சொல்லி வாங்குற வேலை எனக்கு வேணாம்பா. நான் இன்னா தப்பு பண்ணேன்?”

வேடியப்பன் காலைக் கழுவப் போனார்.

பண்டகசாலை அலுவலகம் தேரடித் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. பதினேழு படி. அவளையும் சேர்த்துப் பெஞ்சில் ஒன்பது பேர், ஐந்து ஆண்கள், நான்கு பெண்கள். முதலில் ராஜேந்திரன் என்ற பையனைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

“இன்னா கேட்டாங்க?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“அப்பா நல்லா இருக்காரானு கேட்டாங்க. டீ குடிக்கிறியா தம்பினாங்க.”

“டைப்பிங்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

நான்காவதாகப் போனவள் வள்ளி. வேங்கிக்கால் பக்கத்திலிருந்து வந்த இருபது வயதுப் பெண். கால் மணி நேரம் கழித்து, தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கன்னியம்மாள் அவள் கையைப் பிடித்து என்ன கேட்டார்கள் என்றாள். வள்ளி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆறாவதாகக் கன்னியம்மாளைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் பண்டகசாலைத் தலைவர் சக்கரபாணி. நெல் மண்டி வைத்திருக்கிறவர், ஊரில் பெரிய மனிதர். இடப்பக்கம் செயலாளர். வலப்பக்கம், அரசாங்கத்தின் சார்பில் வந்திருந்த கூட்டுறவுச் சார்பதிவாளர் அருணகிரி. அவர் முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு தட்டச்சு எந்திரம் உறை போட்டபடி இருந்தது.

அவள் வணக்கம் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை. சக்கரபாணி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“கல்யாணம் ஆச்சுன்னு போட்டிருக்கே. புருஷன் எங்கே?”

“பெங்களூருலங்க.”

“நீ ஏன் இங்கே இருக்கிறே?”

“அவரு என்னோட வாழலைங்க, ஐயா. அஞ்சு வருஷமாச்சு. நான் எங்கப்பா வீட்டுல இருக்கறேன்.”

“அவன் விட்டானா, நீ விட்டியா?”

செயலாளர் சிரித்தார். அருணகிரி டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நான் தட்டச்சர் வேலைக்கு வந்திருக்கறேன்.”

“அதான் கேக்கறேன். நாலு ஆம்பளைங்க இருக்கிற ஆபீசு. நாளைக்கு உம் புருஷன் வந்து நின்னு, எவனைக் கேட்டு எம் பொண்டாட்டிய வேலைக்கு வெச்சீங்கனா நான் இன்னா பதில் சொல்றது? அவன்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்திருக்கியா?”

“அட்டையில அப்படிக் கேக்கலைங்களே.”

“கேக்காட்டி? தனியா இருக்கிற பொம்பளைக்கு அதெல்லாம் தெரிய வேணாமா? வாங்கிட்டு வா, பாக்கலாம்.”

தன்னைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவனிடம் போய், நான் வேலைக்குப் போகலாமா என்று கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். மூன்று வாரம் தாலுகா எண்ணி, படி எண்ணி வந்தவளுக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பையிலிருந்த அட்டையை எடுத்து அருணகிரி முன்னால் வைத்தாள்.

“சார், தட்டச்சுச் சோதனை நடத்தப்படும்னு இதுல போட்டிருக்குது. எனக்கு நடத்துங்க.”

“அதெல்லாம் வேணாம். நீ போலாம்” என்றார் சக்கரபாணி.

“அட்டையில போட்டிருக்குதுங்க.”

அருணகிரி அட்டையை எடுத்துப் படித்தார். ஓய்வு பெறுவதற்கு மூன்று நான்கு வருடமே இருக்கும் வயது அவருக்கு. தலைவரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “போட்டிருக்கத்தான் செய்யுது. அஞ்சு நிமிஷம்தானே. எதையாவது அடிம்மா” என்றார்.

“எதை அடிக்கறதுங்க? பாத்து அடிக்கப் பகுதி எதுவும் குடுக்கலையே.”

“உனக்குத் தெரிஞ்ச எதையாவது அடி.”

கன்னியம்மாள் உறையை எடுத்தாள். செயலாளரிடம் இரண்டு தாளும் கார்பனும் கேட்டாள். அவர் பழக்கத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். தாள்களை உருளையில் ஏற்றி, ஓரம் சரிபார்த்து உட்கார்ந்தாள். நாற்காலி உயரம் சரியாக இல்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பள்ளியில் பாடம் அடிப்பதுபோல நிதானமாகத்தான் அடித்தாள். தேதி, இடம், அலுவலகத்தின் பெயர். அதற்குக் கீழே: ‘தட்டச்சர் பணிக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள். ஒன்று. புருஷன் எங்கே? இரண்டு. நீ ஏன் இங்கே இருக்கிறாய்? மூன்று. அவன் விட்டானா, நீ விட்டாயா? நான்கு. கணவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வந்திருக்கிறாயா? தட்டச்சு, கூட்டுறவு, அலுவலகப் பணி ஆகியவை பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள்: இல்லை.’

வரி முடியும்போதெல்லாம் மணி அடித்தது. அறையில் வேறு சத்தம் இல்லை. ஐந்து நிமிடம் ஆவதற்குள் தாளை உருவி அருணகிரி முன்னால் வைத்தாள்.

“பிழை இருந்தா சொல்லுங்க சார்.”

அவர் படித்தார். சக்கரபாணி எட்டி வாங்கிப் படித்தார். அவர் முகம் கறுத்தது.

“இன்னா கொழுப்பு உனக்கு? யாரு முன்னாடி நிக்கறேன்னு தெரியுமா?”

“கேட்டதைத்தாங்க அடிச்சேன். ஒரு வார்த்தை ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல.”

“எடுத்துட்டு வெளிய போ.”

“சோதனை நடந்துச்சுன்னு சார் கையெழுத்துப் போட்டதும் போறேங்க.”

அருணகிரி தலைவர் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை எடுத்து, அசலிலும் நகலிலும் கீழே ‘தட்டச்சுச் சோதனை நடத்தப்பட்டது. பிழை இல்லை’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். அசலைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு நகலை அவளிடம் கொடுத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பதினைந்து நாளில் ‘தாங்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்று கடிதம் வந்தது. அதற்குள் அவள் ஓரளவு ஆறியிருந்தாள். அடுத்த வாரம் நடந்ததுதான் அவளை மறுபடியும் கிளப்பிவிட்டது. ராஜேந்திரன் தட்டச்சுப் பள்ளிக்கு வந்தான். லோயர் வகுப்பில் சேர வேண்டும் என்றான்.

“திடீர்னு இன்னா அவசரம்?” என்றாள் வேதா.

“பண்டகசாலைல டைப்பிஸ்ட் வேலை கெடச்சிருக்குதுங்க. மூணு மாசத்துல கத்துக்கிறேன்னு தலைவர்கிட்ட சொல்லியிருக்கேன்.”

அவன் மறைத்துப் பேசவில்லை. அதில் தப்பு இருக்கிறது என்றே அவனுக்குத் தோன்றவில்லை. உள்ளறையில் அடித்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் எழுந்து வந்து அவனையே பார்த்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவனுக்கு டீ கொடுத்து வேலை கொடுத்து அனுப்பியவர்கள்மேல்தான்.

“வேதா, வேலூருக்கு மனு எழுதலாம்” என்றாள் அவன் போன பிறகு.

“எழுதி?”

“எனக்கு வேலை குடுக்கச் சொல்லி இல்ல. டைப்பிஸ்ட் வேலைக்கு டைப்பிங் தெரிய வேணாமா, புருஷன்தான் வேணுமானு கேட்டு எழுதறேன்.”

அன்றைக்கு வந்திருந்த மற்ற மூன்று பெண்களையும் தேடிப் போனார்கள். ஒருத்தி உடனே கையெழுத்துப் போட்டாள். இன்னொருத்தியின் மாமனார் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வள்ளி வீட்டுக்கு மூன்று முறை நடந்தார்கள். மூன்றாவது முறைதான் அவள் வாயைத் திறந்தாள்.

“திரும்பி நில்லுன்னாரு தலைவரு. நடந்து காட்டுன்னாரு. எதுக்குனு கேட்டதுக்கு, ஆபீசுல ஃபைல் எடுத்துட்டு நடக்க வேணாமானாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இதை எழுதுனா ஊருக்கே தெரிஞ்சுடும், அக்கா.”

“தெரியட்டும் வள்ளி. நடக்கச் சொன்னவருதான் வெக்கப்படணும். நீ எதுக்குப் படணும்?”

வள்ளி உள்ளே போய்ப் பேனாவோடு வந்து, மற்றவர்கள் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மனுவோடு நகலை இணைத்து, அப்போது மாவட்டத் தலைநகராக இருந்த வேலூரில் கூட்டுறவு மேலதிகாரிக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினார்கள். இதற்கிடையில் சக்கரபாணி ஆள்விட்டு, மனுவைத் திரும்ப வாங்கும்படி வேடியப்பனிடம் சொல்லிப் பார்த்தார். வாழாவெட்டிக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று வந்தவன் சொன்னான். வேடியப்பன் அவனைப் பார்த்து, “எம் பொண்ணு கேட்டதுக்குப் பதில் இருந்தா சொல்லு. இல்லனா நடையைக் கட்டு” என்றார். அப்பா அப்படிப் பேசியதைக் கன்னியம்மாள் அதற்கு முன் கேட்டதில்லை.

மார்கழியில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சோதனையே நடக்காமல் ஆள் எடுத்தீர்களா என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் நடந்தது என்றார் செயலாளர். அப்படியானால் தாள்கள் எங்கே என்றார் அதிகாரி. அருணகிரியின் கோப்பில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

ராஜேந்திரனின் நியமனம் ரத்தானது. தை மாதம் வேலூரில் மறுதேர்வு வைத்தார்கள். நேர்முகம் கிடையாது, தட்டச்சு மட்டும். ஒன்பது பேரில் ஐந்து பேர் வந்தார்கள். கன்னியம்மாள் கடைசிப் பத்தியில் இரண்டு இடத்தில் தப்பு விட்டாள். வள்ளி ஒரு தப்பும் விடவில்லை. வேலை வள்ளிக்குப் போனது.

அன்று சாயங்காலம் வேதாவிடம் கன்னியம்மாள் ஒளிக்காமல் சொன்னாள்: “வயிறு எரியுதுடி. ஆனா இது வேற எரிச்சல். கைதான் தப்பு பண்ணுச்சு. இதை நான் தாங்கிக்குவேன்.”

வேலையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வள்ளி அடி அண்ணாமலைக்கு வந்தாள். கையில் கதம்பமும் பழமும். அவற்றைக் கன்னியம்மாளிடம் நீட்டினாள்.

“இந்த வேலை உங்களுக்கு வர வேண்டியதுக்கா.”

“எனக்குனு எழுதி வெச்சிருந்தாங்களா? நல்லா அடிச்சே, வந்துச்சு. ஆபீசு எப்படி இருக்குது?”

“மொத நாள் தலைவர் ரூமுக்குக் கூப்புட்டாரு. கல்யாணம் எப்போ, அப்புறம் வேலைய விட்டுடுவியானு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்னே?”

“பயமாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா சொல்லிட்டேன். கேள்விய எழுத்துல குடுங்க சார், எழுத்துலயே பதில் குடுக்கறேன்னு.”

“அப்புறம்?”

“போய் சீட்டுல உக்காருன்னாரு.”

கன்னியம்மாள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“இவ்ளோ நடந்தும் அந்த ஆளு இன்னும் அதே நாற்காலியிலதான் உக்காந்திருக்காரா?”

“ஆமாக்கா” என்றாள் வள்ளி.