கறுத்துப் போன ப்ளக்

வண்டியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை, ஆயர் குரோ தொழிற்சாலைக்குப் போகும் வழியிலிருக்கும் பெரிய மேட்டில் ஸ்கூட்டர் பாதியில் திணறியபோதே ராகினி அதை முடிவு செய்துவிட்டாள். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி விடாமல் ஹாரன் அடித்தது. சாலையோரம் ஒதுங்கி, முறுக்கிய கையைத் தளர்த்தாமல், நடந்து போகிறவனைவிடக் கொஞ்சம் வேகமாக மேடேறி முடித்தாள்.

முந்தின வாரம் இதே மேட்டில் இதே வண்டி பாய்ந்து ஏறியது. பழைய நூறு சிசி ஸ்கூட்டரைச் செலண்டாரில் இருக்கும் தன் வீட்டுப் போர்ச்சில் பிரித்துப் போட்டு, பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் புதுக் கார்புரேட்டரும் மாட்டியவள் அவளேதான். மெக்கானிக்கல் படித்தவள். அந்தக் குடும்பத்திலிருந்து யுனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் ஆள். எதிர்வீட்டு வேலாயி அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டு, பொம்பளைப் பிள்ளை கையெல்லாம் இப்படிக் கிரீஸ் இருந்தால் மாப்பிள்ளை எப்படி வருவான் என்று கேட்டார். வரட்டும், அவன் வண்டியையும் பிரித்துத் தருகிறேன் என்றாள் ராகினி.

ஆசைக்காக அவள் இதைச் செய்யவில்லை. தொழிற்சாலையில் அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தொழிற்சாலை வேன் செலண்டார் பக்கம் வராது. பஸ்ஸை நம்பினால் வேலை முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். பழைய இன்ஜினோடு மல்லுக்கட்டிப் பலமுறை தாமதமாகப் போனதில், இப்படியே வந்தால் மாதக் கடைசியில் உன் பெயரை நான் சிபாரிசு செய்ய முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

சாயங்காலம் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தாள். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. பெட்ரோல் அதிகம் போனாலும் அப்படிக் கறுக்கும், காற்று குறைவாகப் போனாலும் கறுக்கும். காற்று ஃபில்டர் புதிது, அதனால் காற்றைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. பெட்ரோல் என்றால் கார்புரேட்டர். கார்புரேட்டர் என்றால் குகன்.

குகன் அவள் தம்பி. பாச்சாங்கில் ஒரு மோட்டார் கடையில் வேலை. அவன் வண்டியிலும் அதே ரகக் கார்புரேட்டர்தான், ஆனால் ஓடித் தேய்ந்தது. மண்ணெண்ணெயில் கழுவினால் பழசும் புதுசு போலத்தான் மின்னும். மாற்றி வைத்தால் பார்த்ததும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். புதிதாக மாட்டிய இன்ஜின் கொஞ்சம் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். அதற்காகப் பக்கத்து மூடியைக் கழற்றியிருந்தாள். ஸ்பேனர் கொடுத்தவன் அவன். இறுக்கி முடித்ததும் வண்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது குகன் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான். எதைத் தொட்டுவிட்டுத் துடைத்தான்? கைகளில் மறுபடி அழுக்குப் படாமல் தான் மூடியை அவசரமாக மாட்டியதுதான் அவளுக்கு நினைவிருந்தது. இந்த வாரம் அவன் வண்டி சீறிக்கொண்டு போகிறது. கேட்டால் ஸ்ப்ராக்கெட் பல்சக்கரம் மாற்றினேன் என்கிறான்.

அம்மாவின் போக்கும் சரியில்லை. என்றைக்கும் வண்டியைப் பற்றிக் கேட்காத புனிதா, அந்த வாரம் தினமும் கேட்டாள். வண்டி நல்லா ஓடுதா, எதுவும் தொந்தரவு இல்லையே என்று. கேட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் குழம்பைக் கிளறினாள். மகன் செய்வது அம்மாவுக்குத் தெரியும், மூடி மறைக்கிறாள் என்று ராகினி புரிந்துகொண்டாள். அந்த வீட்டில் அவன் உடைத்த கண்ணாடிக்கும் அவள்தான் அடி வாங்கியிருக்கிறாள். இதொன்றும் புதிதில்லை.

சாப்பிடும்போது குகனிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் என்ன செய்தாய், கார்புரேட்டர் உனக்கு எங்கே கிடைத்தது, கடையில் என்ன விலை, யார் கொடுத்தது என்று அடுக்கினாள்.

"அக்கா, இது கேள்வி மாதிரி இல்லலா. பாலாய் போலீஸ்ல கைதிய உக்கார வெச்ச மாதிரி இருக்கு," என்றான் அவன். சிரித்தான். அந்தச் சிரிப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் குகன் கூட்டாளி வண்டியில் ஃபுட்சால் பந்தாட்டம் ஆடப் போனான். அவன் வண்டி போர்ச்சில் நின்றது. ராகினி இரண்டு கார்புரேட்டரையும் கழற்றினாள். அவனுடையதைத் தன் வண்டியிலும், தன் வண்டியில் இருந்ததை அவன் வண்டியிலும் மாட்டினாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் பொருளைத் திரும்ப எடுக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாள் தைரியமாக வழக்கமான நேரத்துக்கே கிளம்பினாள். அந்த மேட்டில் ஸ்கூட்டர் முன்பைவிட மோசமாக இழுத்தது. பெட்ரோல் நாற்றம் மூக்கைப் பிடித்தது. தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது எல்லோரும் வேலையில் இருந்தார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை. இதுதான் கடைசி என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தால் குகன் போர்ச்சில் காத்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை காய்ந்த உப்பு. பெரிய சிலிண்டருக்காகச் சரிசெய்த கார்புரேட்டர் ஒத்துவராமல் அவன் வண்டி பாதி வழியில் நின்றுபோய், வெயிலில் கடை வரைக்கும் தள்ளியிருக்கிறான். அவளிடம் எதுவும் கேட்காமல் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தான். கார்புரேட்டரின் அடியில் குறுக்காக ஒரு கீறல். தன் சாமானில் எல்லாம் அவன் போடுகிற அடையாளம்.

"பாரு. யார் வண்டில யாரோட சாமான் இருக்கு?" என்றான்.

ராகினி குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவினாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே கழட்டிக் காட்டியிருப்பேன்லா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவள் கைக்குப் போனது. சீட், பக்கத்து மூடி, காற்றுப் பெட்டி என்று எதையும் விடாமல் கழற்றினாள். ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கும் பின்னால், சக்கரத்துக்கு மேலே, காற்றை உள்ளே இழுக்கிற ரப்பர்க் குழாயைத் தடவினாள். விரலில் ஒரு துணி தட்டுப்பட்டது. குழாயைச் சுற்றிக் கட்டிய ஒரு முடிச்சு, இன்ஜின் இழுத்த இழுப்பில் குழாயின் வாய்க்குள்ளேயே போய் அடைத்துக்கொண்டிருந்தது. புழுதி படிந்த மஞ்சள் துணி. உள்ளே ஒரு காசு.

"அதத் தொடாதடி," என்றாள் புனிதா கதவருகே நின்று.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாம். இன்ஜினைப் பெரிதாக்கிய பிறகு வண்டி போகிற வேகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாளாம். மகள் பத்திரமாகப் போய் வர வேண்டும், வேலையும் நிரந்தரமாக வேண்டும். இரண்டும் நடந்தபின் அவிழ்த்துக் கோயிலில் சேர்ப்பதாக வேண்டுதல். ராகினி குளிக்கப் போன நேரத்தில், குகன் கைகழுவ எழுந்ததும் அம்மா கட்டியிருக்கிறாள்.

"கட்டறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலயாம்மா?"

"போன தடவ ஹேண்டில்ல கட்டினேன். நீதானே கத்திரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டே. அதான் உன் கண்ணுல படாத இடமா பாத்தேன்."

ராகினி துணியில் படிந்த புழுதியை உதறினாள். பிறகு எழுந்து, அதை வலது பக்கக் கண்ணாடியின் தண்டில், எல்லோரும் பார்க்கிறபடி, தானே கட்டினாள். கார்புரேட்டர்களைப் பழையபடி இடம் மாற்றினாள். குகனைக் கூப்பிட்டு அவன் வண்டியை முடுக்கிப் பார்க்கச் சொன்னாள். அது சரியாக உறுமியது. தப்புதான்டா என்றாள். அவன் ம் என்றான்.

மறுநாள் முதல் ஸ்கூட்டர் அந்த மேட்டில் லோரிகளைத் தாண்டிப் போனது. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிபாரிசு செய்தார். வேலை நிரந்தரமானது. அம்மா துணியை அவிழ்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். எல்லாம் ஆத்தா செய்தது என்று வேலாயி அக்காவிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்த குகன் வண்டியைப் போர்ச்சில் நிறுத்தினான். கேட்டைச் சாத்தினான். பிறகு பையிலிருந்து புதுச் சங்கிலி ஒன்றை எடுத்துப் பின்சக்கரத்தில் கோத்துப் பூட்டினான்.

"வீட்டுக்குள்ள யாருடா எடுக்கப் போறா?" என்றாள் ராகினி.

"ஊரு கெட்டுப்போச்சுக்கா," என்று சொல்லி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.