சாட்சி சொன்ன பொறவு ஒரு ஸ்கேன்

எப்சிக்கு ஓசூர்ல பஸ் ஏறுனதுல இருந்தே இருப்புக் கொள்ளல. உக்காந்துதான் வந்தா, ஆனா உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டே வந்தா. செல்போன் கம்பெனியில லீவு கேட்டப்போ சூப்பர்வைசர், "அக்காவுக்கு என்ன?"ன்னாரு. "ஒண்ணும் இல்லைன்னு சொல்லுதாக சார், அதான் போறேன்"னு சொல்லிட்டுக் கெளம்பிட்டா. அவருக்கு ஒண்ணும் வெளங்கல.

நடந்தது இதுதான். அக்கா ஜூடிக்கு மாருல ஒரு கட்டி கைக்குத் தட்டுச்சு. ராஜபாளையத்துல போய் மேமோகிராம் எடுத்தாக. டாக்டரம்மா "படத்துல ஒண்ணும் தெரியல"ன்னு வாயெடுத்ததுதான் தாமசம், கூடப் போன அம்மா ஜெயக்கொடி "ஸ்தோத்திரம்!"னு போட்ட சத்தத்துல வெளிய உக்காந்திருந்தவுக எந்திரிச்சுட்டாக. பொறவு டாக்டரம்மா, "கட்டி கைக்குத் தட்டுதுல்லா, அல்ட்ராசவுண்டும் பாத்துருவோம்"னு சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல விழல. ஞாயித்துக்கிழம ஜூடி சபையில மைக்கப் பிடிச்சு, "கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சாட்சி சொல்லிட்டா. கைதட்டு, கண்ணீரு, எல்லாருக்கும் கேசரி.

இம்புட்டையும் போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னவ, கடைசில, "அந்த ரெண்டாவது ஸ்கேன்தான் எதுக்குன்னு தெரியல"ன்னு ஒரு வார்த்த விட்டா. எப்சி போன வச்ச கையோட லீவு கேக்கப் போயிட்டா.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து வீட்டுல பையக்கூட எறக்கல.

"கட்டி இன்னும் இருக்காக்கா?"

"வந்ததும் வராததுமா! மூஞ்சியக் கழுவுட்டி."

"இருக்கா?"

"இருக்கு. படத்துலதான் ஒண்ணும் இல்லைல்லா."

"கைக்குத் தட்டுதே!"

"நீ என்ன டாக்டருக்கா படிச்ச? செல்போனுக்கு மூடி மாட்டுத கழுத."

எப்சி அடுப்படிக்கும் வாசலுக்குமா நடந்தா. ஜூடிக்கு பேண்டேஜ் துணி கம்பெனியில செக்கிங் வேல. அது ஞாபகம் வந்ததும் திரும்பி வந்தா.

"ஏக்கா, லைட்டு மேசையில துணிய ஓட்டிப் பாத்துட்டு, ஓட்டை இல்லைன்னா அப்படியே பெட்டியில போட்டுருவியளா?"

"அதெப்படி? கையால தடவிப் பாக்கணும். ஓட்டைதான் லைட்டுல தெரியும். முடிச்சு கைக்குத்தான்..."

ஜூடி அத்தோட நிறுத்திட்டா. பொறவு மெதுவாச் சொன்னா, "மைக்குல சொல்லிட்டேன்ட்டி. திரும்ப ஸ்கேனுக்குப் போனா சபையில பிரிஸ்கில்லா மதினி கேக்க மாட்டாளா, அம்புட்டுதானா ஒன் விசுவாசம்னு?"

வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த அம்மா நிமிந்து பாத்தா. "ஆண்டவருக்கு மேமோகிராமும் தெரியும், அல்ட்ராசவுண்டும் தெரியும். பிரிஸ்கில்லாவுக்குத்தான் ரெண்டும் தெரியாது. கெளம்புங்கட்டி."

மறுநாள் அக்காவும் தங்கச்சியும் ராஜபாளையம் போனாக. எப்சியையும் உள்ள விட்டாக. ஜூடி படுத்திருக்க, டாக்டரம்மா ஜெல்லத் தடவி கருவிய வச்சு நகத்துனாக. எப்சியால வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க ஏலல.

"மொதப் படத்துல ஏன் மேடம் தெரியல?"

"இவங்களுக்குச் சதை அடர்த்திம்மா. மேமோகிராம்ல அடர்த்தியான சதையும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பஞ்சுப் பொதிக்குள்ள பஞ்சுருண்டையத் தேடுற மாதிரி. இதுல அப்படி இல்ல, நீர்க்கட்டியா கெட்டிக் கட்டியான்னு பிரிச்சுக் காட்டும்."

"அப்போ மேமோகிராம் வீண்தானா?"

"யாரு சொன்னா? கெட்டதுக்கு அறிகுறியா சதையில பொடிப்பொடியாச் சுண்ணாம்புப் புள்ளி விழுந்திருந்தா அதுலதான் நல்லாத் தெரியும், இதுல தப்பிரும். ஒண்ணு விட்டத இன்னொண்ணு பிடிக்கும்."

"பேசாம எம்ஆர்ஐ எடுத்துட்டா? பெரிய மிஷின்லா..."

"மிஷின் பெருசா இருந்தா ஆச்சா? குடும்பத்துல நெறையப் பேருக்கு வந்திருந்தா, இல்ல இதுலயும் பிடிபடலைன்னா அது. ஆபத்தில்லாம சும்மா கெடக்குறதக்கூட எடுத்துக் காட்டும். பொறவு அதுக்கும் சேத்து அலைவீங்க."

சொல்லிக்கிட்டே இருந்தவுக பேச்ச நிறுத்துனாக. கருவியும் ஒரு எடத்துல நின்னுருச்சு. எப்சி அக்கா கையப் பிடிச்சா.

"நீர்க்கட்டி இல்ல. கெட்டியா இருக்கு. சின்னதுதான். நல்லதா கெட்டதான்னு எந்தப் படமும் முடிவாச் சொல்லாது. ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும். வர்ற வாரம் வாங்க. தள்ளிப் போட்றாதீங்க."

திரும்பி வர்ற பஸ்ல ஜூடி ஸ்கேன் ரிப்போர்ட்ட மடியில வச்சு நீவிக்கிட்டே வந்தா. எப்சி பஸ் கம்பியப் பிடிக்கதும் விடுததுமா வந்தா.

"ஞாயித்துக்கிழம இருப்பியாட்டி?"ன்னு ஜூடி கேட்டா.

"எதுக்கு?"

"மைக்கு முன்னால போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு."

"என்னத்தச் சொல்லப் போற?"

"தெரியலைன்னு டாக்டரு சொன்னத, இல்லைன்னு நான் சொல்லிட்டேன்னு. அன்னைக்கு நான் சாட்சி சொல்லி எறங்குனதும் ரெண்டு பேரு வந்து, எங்களுக்கும் கட்டி தட்டுதுன்னாக. படம் சரியா இருந்தா வீட்டுக்குப் போங்க, ஜெபம் பண்ணிக்கிடுவோம்னு அனுப்பிட்டேன்ட்டி." ஜூடி முந்தானையால மூக்கத் தொடச்சா. "அவிய ரெண்டு பேரும் என்ன செஞ்சாகளோ."

எப்சி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் லீவு கேட்டா.

"அக்காவுக்கு என்ன?"ன்னாரு அவரு மறுபடியும்.

"தெரியல சார்"னா எப்சி. "தெரிஞ்சுக்கிட்டு வாரேன்."