காது நறுக்கிய கொடி

அண்ணன் மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பையைத் திறந்ததும் லென்ஸ் அக்கா முகத்தைச் சுளித்தாள். காருக்குள் வெயிலில் கிடந்த கொடி, வெந்து வழவழத்து, குப்பைத்தொட்டி நாற்றம் அடித்தது.

"காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"இது ஒல்லிதான். பூவைப் பாரு, எப்படிச் சிவந்திருக்கு!"

"பூவை வச்சு நான் மாலையா கட்டப்போறேன்? ரெண்டு வகைக்கும் பூ கிட்டத்தட்ட ஒரே ஜாடைதான்."

செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் அலுவலகம் அது. உருப்பெருக்கி இல்லாமல் அவளைப் பார்த்தவர் இல்லை என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே உள்ள சரிவில் சாலைத்துறை கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறது. அங்கே படர்ந்திருப்பது தோட்டத்திலிருந்து தப்பி வந்த அகல இலைப் பட்டாணி என்றால் இயந்திரம் இறங்கும். அரிதாகிவிட்ட ஒல்லி இலைப் பட்டாணி என்றால் ஒருவரும் கை வைக்கக் கூடாது. எது என்று மறுநாள் காலை அதிகாரியிடம் சொல்ல வேண்டியவள் இவள்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள் இருக்கும். அகல வகையில் காது, தண்டில் பாதிக்குமேல் அகலம். ஒல்லி வகையில் வெறும் நூல். அண்ணன் கொண்டுவந்ததில் நூல்தான். அவளுக்கு நெஞ்சு துள்ளியது.

லென்ஸை வைத்தாள். காதிலைக்குள் நரம்புகள் ஓரத்தை நெருங்கும்போது வளைந்து ஒன்றோடொன்று கூட வேண்டும். இங்கே யாரோ வெட்டியதுபோல், வந்த வேகத்தில் அறுந்து நின்றன. பக்கத்தில் பிறைபோல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்தாள்.

"இது என்னண்ணா?"

"விதையா இருக்கும்."

"நகம். உன் கால் நகம்!"

அண்ணன் கூரையைப் பார்த்தான். "வீட்ல வேற நகவெட்டி இல்லை."

"சீ! மனுஷனா நீ?" இடுக்கியை எறிந்துவிட்டுச் சோப்பை எடுத்தாள். தேய்க்கத் தேய்க்க அருவருப்பு போகவில்லை.

"நீயுந்தான் வந்தா சரிவைப் பார்த்துக்கிட்டு அந்த ஜன்னலை விட்டு நகர மாட்டே. உனக்காகவும்தான் செஞ்சேன்."

அது உண்மை. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

மறுநாள் சரிவில் மூத்திர வாடை. வழியெல்லாம் சாலையிலிருந்து எறிந்த குழந்தைகளின் அழுக்குத் துணிகள். அதிகாரிக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவள் திகைத்து நின்றாள். எல்லாக் கொடிகளுக்கும் காது நறுக்கப்பட்டிருந்தது.

"ஒண்ணை மட்டும் வெட்டினா சந்தேகம் வருமே," என்று கிசுகிசுத்தான் கூடவே வந்த அண்ணன்.

"சார், இது அகல இலை," என்றாள் அவள் அதிகாரியிடம். "காதை வெட்டினது என் அண்ணன்."

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. அதிகாரி மேலே நின்ற இயந்திரத்துக்குக் கைகாட்டினார்.

திரும்பும்போதுதான் குப்பை மூட்டைகளுக்கு நடுவில் அதைப் பார்த்தாள். மெலிந்த இலை, சிறிய பூ, இதழின் முதுகில் பச்சை மங்கல். மண்டியிட்டாள். இதற்கும் காது இல்லை.

"இதையுமா வெட்டினே?"

"எனக்கு எது எதுன்னு தெரியுமா? எல்லாத்தையும் வெட்டினேன்."

"சார், நிறுத்துங்க! இது ஒல்லி இலை. நிஜமாவே ஒல்லி. புதுத் துளிர் விடட்டும், காதைக் காட்டறேன்."

"இதுவும் வெட்டினதுதானே மேடம்? நிழல்ல கிடந்து இளைச்ச அகல இலையா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா இது அது இல்லை."

"உங்க வீட்டுல ஒருத்தர் வெட்டுறார், ஒருத்தர் சத்தியம் பண்றீங்க. நான் எதை நம்பறது?"

அவர் மேலேறிவிட்டார். இயந்திரம் உறுமிக்கொண்டு இறங்கியது. அவள் வெறுங்கையைச் செடியடியில் குப்பை ஊறிய சேற்றுக்குள் விட்டாள். கொழகொழவென்று என்னவோ விரலிடுக்கில் பிதுங்கியது. வேர் ஆழத்தில் இருந்தது.

"ஒல்லின்னு நான் நேத்தே சொன்னேன்ல?" என்றான் அண்ணன்.

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் தோண்டு."