டெனரீஃப் நிறம்

ஷெவோன் கார்லியின் கடைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். அதற்குள் அவள் எட்டு வாரம் டெனரீஃப் தீவின் வெயிலில் கிடந்தவளாக மாறியாக வேண்டும்.

கிடந்தது வெயிலில் இல்லை. பெண்கள் சிறை வாசலில் அவளுடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, போய் வா என்று அன்று காலை ஒன்பதரைக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். லைசென்ஸைப் பிடுங்கிய பிறகும் கார் ஓட்டினாள். ஒரு முறை மன்னித்தார்கள், மறுபடி ஓட்டினாள், மறுபடி மாட்டினாள். பதினாறு வாரம் போட்டு எட்டில் விட்டார்கள். எட்டு வயது மகள் எல்சியிடம், "அம்மா டெனரீஃப்ல ஒரு ஹோட்டலுக்கு சீசன் வேலைக்குப் போறேன்" என்று சொல்லி, அவளைத் தன் அண்ணன் டெரியிடம் விட்டுவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை அதற்கப்புறம் அவள் எத்தனையோ முறை நொந்துகொண்டாள். ஆனால் உண்மையைச் சொல்ல அந்த வாய்க்குத் துணிச்சல் வரவேயில்லை.

ஞாயிறுதோறும் சிறையிலிருந்து டெரியின் எண்ணுக்குப் போன் போடுவாள். பின்னால் கதவுகள் அறையும் சத்தத்துக்கு ஹோட்டல் சமையலறை என்று பெயர் வைத்திருந்தாள். எல்சி சாப்பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டாள், கடலைப் பற்றிக் கேட்கமாட்டாள். ஒரே கேள்விதான்.

"அம்மா, நல்லா கருத்துட்டியா?"

"கருத்துட்டேன் கண்ணு."

"எவ்ளோ?"

"சாக்லேட் கணக்கா."

"சத்தியமா?"

கடைசி ஞாயிறு இன்னும் ஒன்று சொன்னாள். "வியாழக்கிழமை நீயே என்னைக் கூட்டிட்டுப் போக வரணும். டெரி மாமா வேணாம். ஸ்கூல் கேட்டுக்கிட்டயே நில்லு, எல்லாருக்கும் தெரியற மாதிரி."

அன்று சிறைக் கண்ணாடியில் ஷெவோன் தன் முகத்தைப் பார்த்தாள். பிசைந்து வைத்த மைதா மாவு அப்படித்தான் இருக்கும்.

நம் பக்கத்துப் பெண்கள் வெளுப்பதற்கு என்னென்ன பாடு படுவார்களோ, அத்தனையும் லிவர்பூல் பெண்கள் கருப்பதற்குப் படுவார்கள். கல்யாணமோ, குதிரைப் பந்தயமோ, சும்மா வெள்ளிக்கிழமையோ, முந்தின நாளே மேலெல்லாம் நிறம் அடித்துக்கொண்டு, தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு கடைத்தெருவில் நிற்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வால்டன் வட்டாரத்தில் அதற்குக் கார்லியை விட்டால் ஆளில்லை. டெரிக்கு அடுத்தபடியாக ஷெவோன் எங்கே இருந்தாள் என்று தெரிந்தவளும் அவள்தான்.

கார்லி தோழியின் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, பல்லி மாதிரி தோல் உரியுது? என்ன சோப்பு குடுத்தானுங்க?"

"தரையத் துடைக்கிற சோப்புன்னு நெனைக்கிறேன். கார்லி, மூணேகாலுக்கு..."

"தெரியும். நேத்தே வந்திருக்கணும் நீ. இது பெயின்ட் இல்லடி. தோலுக்கு மேல செத்த தோல் ஒண்ணு இருக்கில்ல, அதோட சேர்ந்து அதுவா செவக்கணும். அடுப்புல ரொட்டி செவக்கிற மாதிரி. எட்டு மணி நேரம் புடிக்கும்."

"எட்டு மணி நேரத்துக்கு நான் எங்கடி போவேன்!"

"கத்தாத. மருந்துல மேல்பூச்சு நிறம் ஒண்ணு கலந்திருக்கு, எங்க அடிச்சோம்னு எங்களுக்குத் தெரியறதுக்காக. அது உடனே தெரியும். இருக்கறதுலயே கருப்பா ஒண்ணு வெச்சிருக்கேன், அதப் போடறேன். உன் பொண்ணு பாக்கப்போறது அந்தப் பூச்சத்தான். ஆனா தண்ணி பட்டுச்சு, செத்த."

பின்கட்டுக் குளியலறையில் சொரசொரப்பான கையுறையைக் கொடுத்து உடம்பெல்லாம் தேய்க்கச் சொன்னாள். துடைத்தபின் எண்ணெயோ க்ரீமோ ஒரு துளி தடவக்கூடாது, தடவிய இடத்தில் நிறம் ஏறாது. உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் மட்டும் வேண்டுமென்றே க்ரீமை அப்பினாள். வெயிலில் யாருக்கும் உள்ளங்கை கருப்பதில்லையே. பிறகு மருத்துவ டேப்பை எடுத்து இரண்டு தோளிலும் உள்ளாடை வார் அகலத்துக்குப் பட்டையாக ஒட்டினாள். இடது மணிக்கட்டிலும் ஒரு சுற்று.

"இது எதுக்கு?"

"எட்டு வாரம் வேலை பாத்தவ வாட்ச் கட்டாமயா இருந்தா? அந்த எடம் வெள்ளையா இருந்தாத்தான் நம்புவாங்க. புட்டி நிறமா, வெயில் நிறமான்னு பாக்கறவ மொதல்ல மணிக்கட்டத்தான் பாப்பா. நானே அப்படித்தான் பாப்பேன்."

ஷெவோனுக்கு அந்த நிமிடம் அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது.

ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிதான் நிறம் அடிக்கும் பூத். எதிரே ஒரு தூண், அதில் மேலிருந்து கீழாக நாலு நாசில். கம்ப்ரெஸரின் காற்று மருந்தைப் பனியாக உடைத்து அவை வழியே ஊதும், மேலே படாமல் மிஞ்சியதைப் பின்சுவரின் மின்விசிறி இழுத்துக்கொள்ளும். மூக்குத் துவாரத்தில் பஞ்சு, தலையில் தொப்பி, இடுப்பில் காகித ஜட்டி. நாலு பக்கத்துக்கும் சேர்த்து ஐந்தே நிமிடம்.

கதவு மூடியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கூரையிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது.

"கால்களை அகட்டி நிற்கவும். கைகளை உயர்த்தவும். வலப்பக்கம் திரும்பவும்."

பதிவு செய்த குரல்தான், மரியாதையான குரல்தான். ஆனால் முதல் நாள் சிறையில் துணியை அவிழ்க்கச் சொல்லிச் சோதித்தவளும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள், இதே வரிசையில். ஜில்லென்று பனி மார்பில் பட்டபோது ஷெவோன் கத்திவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்சிக்காக, எல்சிக்காக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பினாள், நிமிர்ந்தாள், மறுபடி திரும்பினாள்.

கதவைத் திறந்த கார்லி சிரிக்கவில்லை. வாயில் வந்த வார்த்தையை எழுத முடியாது.

கழுத்துக்குக் கீழே ஒரு கைப்பிடி அகலத்துக்கு மார்பையும் முதுகையும் சுற்றி வெள்ளை. இரண்டு மேற்கைகளிலும் அதே உயரத்தில் அதே வெள்ளை. மேலிருந்து இரண்டாவது நாசில் அடைத்துக்கொண்டு மூச்சே விடவில்லை. மருந்து காய்ந்தால் பாகாக இறுகிவிடும் சனியன். ராத்திரி கடை மூடுமுன் வெந்நீரை உள்ளே விட்டு ஓட்டிக் கழுவவேண்டும். நேற்று கார்லி கழுவவில்லை.

"என் தப்புடி. நேத்து தலைவலி, அப்படியே பூட்டிட்டுப் போயிட்டேன்."

ஷெவோன் கண்ணாடியைப் பார்த்தாள். கருப்பு, வெள்ளை, மறுபடி கருப்பு. குழந்தை கிறுக்கிய படத்துக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தாள். மணி பன்னிரண்டே முக்கால். அந்த ஈரத் தரையிலேயே உட்காரப்போனாள்.

"உக்காராத! ஒட்டிக்கும்!" கார்லி பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்தாள். "அழுத, கொன்னுடுவேன். கண்ணீர் எறங்கின எடம் கோடு கோடா நிக்கும். மேல பாரு. கூரையப் பாரு."

"அவ என்னை ஒண்ணே ஒண்ணுதான்டி கேட்டா. எட்டு வாரமா ஒண்ணே ஒண்ணு."

"மேல பாருன்னு சொன்னேன்ல."

கார்லி மருந்து அடிக்கும் கைத்துப்பாக்கியை எடுத்தாள். தரையில் தூசி உறிஞ்சும் மெஷின் அளவுக்கு ஒரு மோட்டார், அது உறிஞ்சாமல் ஊதும். நீண்ட குழாயின் நுனியில் துப்பாக்கி, அதன் அடியில் மருந்துக் குவளை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, எங்கேயும் நிறுத்தாமல் வீசிக்கொண்டே போகவேண்டும், நிறுத்தினால் அங்கே சொட்டி வழியும். வெள்ளைப் பட்டையின் ஓரங்களில் விசையை அரைவாசி தளர்த்தி, கருப்போடு இழைய விட்டாள். விரல்களை நகம் கீறுகிற மாதிரி மடக்கச் சொல்லி, புறங்கை முட்டிகளில் ஒரு மூச்சு மட்டும் ஊதினாள். அப்படியொரு கவனத்தோடு அவள் எந்த மணப்பெண்ணுக்கும் அடித்ததில்லை. முடித்தபோது சரியாக ஒரு மணி.

டேப்பை உரித்தாள். தோளில் இரண்டு வெள்ளைப் பட்டை, மணிக்கட்டில் ஒன்று. சோளக்கொல்லைப் பொம்மையாகக் கையை விரித்துக்கொண்டு, காற்றாடி முன் ஷெவோன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். பிறகு தொளதொளத்த கருப்பு கவுனும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், மழை.

ஜூன் மாதத்தில் வெயிலை நம்பலாம் என்று லிவர்பூலில் எவனும் சொல்லமாட்டான். ஆனாலும் இன்றைக்கா? கார்லிக்கு உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவளால் வரமுடியாது. இருந்ததிலேயே பெரிய குடையைக் கொடுத்து, வாசல் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

பஸ்ஸில் ஷெவோன் உட்காரவில்லை. எதையும் பிடிக்கவும் பயம். முன் இருக்கைக் கிழவி ஒருத்தி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்த மருந்துக்கு ஊறிப்போன பிஸ்கட் வாசனை உண்டு.

"என்னம்மா, பெரிய விசேஷமா?"

"என் பொண்ணு விசேஷம் பாட்டி."

"அப்ப இங்க வா. என் தோளப் புடிச்சுக்கோ. பழைய கோட்டுதான், ஒட்டினா ஒட்டட்டும்."

பள்ளிக்கூடத் தெருமுனை வரை ஒரு சொட்டுப் படாமல் வந்துவிட்டாள். முனையில் ஒரு வேன்காரன். குழி நிறையத் தண்ணீர், அவன் பிரேக்கைத் தொடவேயில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே நனைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு இறங்கிச் செருப்புக்குள் ஓடியது, நடுவே வெள்ளைத் தோல் கோடு கோடாக எழுந்தது. பதறித் துடைத்தாள். துடைத்தது இன்னும் கெடுத்தது. உள்ளங்கையும் பழுப்பாயிற்று.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். டெரிக்குப் போன் போட்டால் வருவான். விமானம் தாமதம் என்று இன்னொரு பொய். எட்டு வாரத்தில் எத்தனை சொல்லியாயிற்று, இன்னும் ஒன்றா கசக்கப்போகிறது? கால் நகரவில்லை. "கேட்டுக்கிட்டயே நில்லு." மணி அடித்துவிட்டது. ஷெவோன் போய்க் கேட்டருகே நின்றாள்.

பிள்ளைகள் கொட்டிய நெல்லிக்காய்களாகச் சிதறி வந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையில் எல்சி. ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ஓடி வந்தவள் ஒரு முழத் தூரத்தில் சட்டென்று நின்றாள்.

கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் முகம், கை, கால் என்று பார்வை இறங்கியது. இடது காலில் நின்றது. மூக்கு ஒரு முறை சுருங்கி விரிந்தது.

தெரிந்துவிட்டது, இனி என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்று நினைத்தாள் ஷெவோன்.

எல்சி புத்தகப் பையைக் கழற்றி, அந்தக் காலுக்கு முன்னால் நிற்க வைத்தாள். பிறகு திரும்பிக் கூப்பிட்டாள், தெருவே கேட்கிற குரலில்.

"டெக்லன்! ஏய் டெக்லன், இங்க வாடா!"

சிவந்த தலைமுடிப் பையன் ஒருவன் தன் அம்மாவோடு வந்தான். அந்த அம்மா ஷெவோனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். எல்சி ஷெவோனின் விரல்நுனியை மட்டும் பிடித்து, அவள் மணிக்கட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. வாட்ச் கட்டின எடம். ஜெயிலுக்குள்ள வெயில் அடிக்குமாடா? சொல்லு, அடிக்குமா? பேப்பர்ல போட்டது வேற ஷெவோன்னு நான் சொன்னேனா இல்லையா?"

டெக்லன் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாவின் முகம் அவன் தலைமுடியின் நிறத்துக்கு வந்துவிட்டது. "ஊர் நல்லா இருந்துச்சா?" என்று அசடு வழிந்தாள்.

"நல்ல வெயிலுங்க" என்றாள் ஷெவோன். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

இருவரும் முனை திரும்பினார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சுவரோரம் வந்ததும் ஷெவோன் நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரமே. டெக்லன் பேப்பரக் கொண்டு வந்து காட்டினான். கோர்ட்டுக்குப் போனவங்க பேரெல்லாம் போட்டிருந்துச்சு. நம்ம தெருப் பேரும் இருந்துச்சு."

"அப்ப ஏன்டா கண்ணு போன்ல என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ அழுவ." எல்சி செருப்பு முனையால் தரையைத் தேய்த்தாள். "அதான் கருத்துட்டியான்னு வாராவாரம் கேட்டேன். மறக்காம நீ கார்லி ஆன்ட்டிகிட்ட போயிட்டு வருவன்னு."

ஷெவோனால் தாங்கமுடியவில்லை. குடை சாய்ந்தது, முகம் கோணியது, இரண்டு கையையும் மகளை நோக்கி விரித்தாள். எல்சி ஓரடி பின்வாங்கினாள்.

"அழாதம்மா, கோடு விழும். டெக்லன் அம்மா இந்த வழியாத்தான் வருவாங்க. என் சட்டை வேற வெள்ளை, ஒட்டிக்கும்." பிறகு கேட்டாள், "எத்தன மணிக்கு அடிச்சாங்க?"

"ஒரு மணிக்கு."

எல்சி விரல்விட்டு எண்ணினாள். லிவர்பூலில் பிறந்த பெண் பிள்ளைக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"ஒம்பது மணிக்குக் கழுவலாம். அதுவரைக்கும் நான் தூங்கமாட்டேன். கழுவிட்டு வந்து கட்டிக்கோ."

அவள் குடைக் கம்பியின் அடிப்பாகத்தைப் பிடித்து அம்மாவின் பக்கமாகச் சாய்த்தாள். நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எல்சியின் வலது தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.